கழிவுநீர்க் குட்டைகளும் காற்றில் கலக்கும் வாயுவும்

குடியிருப்போர் தகவல் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



சமையலறையிலும் குளியலறையிலும் பயன்படுத்திய நீர் குழாய்க்குள் இறங்கிய பின்னர், அது எங்கே செல்கிறது என்று பெரும்பாலோர் எண்ணிப்பார்ப்பதில்லை. கட்டணச் சீட்டில் கழிவுநீருக்கென ஒரு தொகை குறிக்கப்பட்டிருக்கும், அது செலுத்தப்படும், அத்துடன் செய்தி முடிந்துவிடும். ஆயினும், கழிவுநீரைத் தூய்மையாக்கும் முறையை மாற்றுவது என்பது ஒரு நகரம் எடுக்கும் முடிவுகளுள் பெருஞ்செலவு பிடிக்கும் ஒன்றாகும். அச்செலவு பல ஆண்டுகள் குடியிருப்போரின் கட்டணத்தில் ஏறிக்கொண்டிருக்கும். எனவே அம்முடிவின் பொருளை அறிந்திருப்பது ஒவ்வொரு வீட்டாருக்கும் நன்மை தரும்.

இவ்வுரை அம்முறைகளுள் மிகப் பழையதும் எளியதுமான ஒன்றைப் பற்றியது. திறந்த குட்டைகளில் கழிவுநீரைத் தேக்கி, வெயிலையும் பாசியையும் நுண்ணுயிர்களையும் கொண்டு அதனைத் தூய்மையாக்குவதே அம்முறை. அமெரிக்காவில் 4500-க்கும் மேற்பட்ட பொதுக் கழிவுநீர்க் குட்டை அமைப்புகள் தூய்மையாக்கிய நீரை ஆறுகளிலும் ஓடைகளிலும் விட்டுவருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சிற்றூர்களுக்கு உரியவை. டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் இவை வெகுகாலமாகப் பயன்பட்டு வந்துள்ளன.

குட்டை செய்யும் வேலை

ஊர்க்குளத்தில் பாசி படர்வதைக் கண்டவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். ஏறத்தாழ 4 முதல் 8 அடி ஆழமுள்ள குட்டையில் கழிவுநீர் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் தங்குகிறது. மேற்பரப்பில் வளரும் பாசி, வெயிலைக் கொண்டு ஆக்சிஜனை வெளியிடுகிறது. அந்த ஆக்சிஜனைக் கொண்டு நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள அழுக்கைச் சிதைக்கின்றன. கனமான பொருள்கள் அடியில் கசடாகப் படிகின்றன. காற்றூட்டும் இயந்திரம் வேண்டுவதில்லை. மின்செலவு மிகக் குறைவு. வேலையாட்களும் சிலரே போதும். இக்காரணங்களாலேயே நிலம் மலிவாகவும் வெயில் மிகுதியாகவும் உள்ள ஊர்கள் இம்முறையை விரும்பி ஏற்றன.

இதன் அறிவியலை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்வால்டு. 1950-களிலிருந்து அவரும் அவருடைய குழுவினரும் ரிச்மண்டு நகரிலிருந்த ஆய்வுக்களத்தில் பாசியும் நுண்ணுயிரும் ஒன்றுக்கொன்று எவ்வாறு துணைபுரிகின்றன என்பதை அளந்து காட்டினர். பிற்காலத்தில் அவர்கள் குட்டையின் அடியில் ஆழமான குழி அமைத்து, அங்கு எழும் வாயுவை நீருக்குள்ளேயே கூண்டு வைத்துச் சேகரிக்கும் முறையையும் ஆராய்ந்தனர். குட்டையிலிருந்து வாயு எழுகிறது என்பதும், அதனைப் பிடிக்க இயலும் என்பதும் வளைகுடாப் பகுதியில் வெகுநாட்களுக்கு முன்பே அறியப்பட்டவை.

வெப்பமும் மீத்தேனும்

அந்த வாயு எங்கிருந்து வருகிறது? குட்டையின் அடிப்பகுதிக்கு ஆக்சிஜன் எட்டுவதில்லை. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் கசடைச் சிதைக்கும்போது மீத்தேன் உண்டாகிறது. சாண எரிவாயுக் கலனுக்குள் நிகழ்வதும் இதுவே. கலனில் அவ்வாயு அடுப்பிற்குச் செல்கிறது. திறந்த குட்டையில் குமிழிகளாக மேலெழுந்து காற்றில் கலக்கிறது. மேலடுக்கிலுள்ள சில நுண்ணுயிர்கள் கரைந்துள்ள மீத்தேனின் ஒரு பகுதியை உட்கொண்டுவிடும். ஆனால் விரைந்து மேலெழும் குமிழிகளை அவற்றால் தடுக்க இயலாது.

இவ்வினை வெப்பத்தைச் சார்ந்தது. நீரின் வெப்பநிலை 15 பாகை செல்சியசுக்குக் கீழிறங்கினால் மீத்தேன் உண்டாவது பெரிதும் குறைந்துவிடும். குளிர்நாட்டுக் குட்டை ஆண்டில் பல மாதம் அடங்கிக் கிடக்கும். அக்காலத்தில் சேர்ந்த கசடு இளவேனிலில் வெப்பம் ஏறியதும் ஒருங்கே சிதையத் தொடங்கும். தென் டெக்சாஸ் போன்ற வெப்பப் பகுதியிலோ ஆண்டின் பெரும்பகுதியும் இவ்வினை நடந்துகொண்டேயிருக்கும். கழிவைச் சிதைப்பதில் குட்டைக்குத் துணைசெய்யும் அதே வெப்பமே மீத்தேனையும் மிகுவிக்கிறது.

மீத்தேன், பசுங்குடில் வாயுக்களுள் வலிமை மிக்கது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. இருபதாண்டுக் கணக்கில் அது 80 மடங்கை ஒட்டி அமைகிறது. ஆயினும் காற்றில் அதன் ஆயுள் ஏறத்தாழ 12 ஆண்டுகளே. இன்று மீத்தேனைக் குறைத்தால் அதன் பயன் இத்தலைமுறையிலேயே தெரியும்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். குட்டையருகே வீசும் நாற்றம் பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலிய வேறு பொருள்களால் ஆனது. மீத்தேனுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நாற்றமில்லாத குட்டை மீத்தேன் இல்லாத குட்டை ஆகாது. நாற்றம் குறித்த முறையீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு வாயுவின் அளவை மதிப்பிட இயலாது.

சான் அன்டோனியோ: ஒரே நகரின் இரண்டு முறைகள்

அமெரிக்காவில் பதிவான முதல் கழிவுநீர்க் குட்டை அமைப்பு டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் 1901-ஆம் ஆண்டில் உருவானது. நகரின் தெற்கேயிருந்த சதுப்பு நிலம் கரையிட்டு அடைக்கப்பட்டு, மிச்செல் ஏரி என்னும் சுமார் 600 ஏக்கர் நீர்நிலை ஆயிற்று. நகரின் கழிவுநீரும், பின்னர் கசடும் பல பத்தாண்டுகள் அங்குச் சென்று சேர்ந்தன. அந்த ஏரியைத் தேடி வலசைப் பறவைகள் பெருமளவில் வந்தமையால், 1973-இல் நகராட்சி அதனைப் பறவைகளின் புகலிடமாக அறிவித்தது. டோஸ் ரியோஸ் என்னும் புதிய சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிய 1987-ஐ ஒட்டி, கழிவை ஏரிக்கு அனுப்பும் வழக்கம் நின்றது. 2004 முதல் அங்கு ஆடுபான் அமைப்பின் பறவை நோக்கு மையம் இயங்கிவருகிறது.

அந்த டோஸ் ரியோஸ் நிலையத்தில் கசடு மூடிய கலன்களில் செரிக்கப்படுகிறது. அங்கு எழும் மீத்தேன் 2010 முதல் தூய்மையாக்கப்பட்டு, இயற்கை எரிவாயுக் குழாயில் செலுத்தி விற்கப்படுகிறது. 1901-இல் அந்நகரம் கழிவைத் திறந்த ஏரியில் விட்டது. எழுந்த வாயு காற்றிற்குச் சென்றது. நூறாண்டு கழித்து அதே நகரம் அவ்வாயுவைப் பிடித்து வருவாய் ஈட்டுகிறது. கழிவின் தன்மை மாறவில்லை. மேலே மூடி இருக்கிறதா இல்லையா என்பதே பெரும் வேறுபாட்டை உண்டாக்கிற்று.

தமிழகத்திலிருந்து வந்தோர்க்கு இது புதுமையன்று. சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களில் இவ்வாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் எந்திரங்கள் அமைக்கப்பட்டன. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் பலவற்றிலும் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன்கள் உள்ளன.

சன்னிவேல்: குட்டையின் நன்மையும் எல்லையும்

தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் சன்னிவேல் நகரின் வடக்கு எல்லையில், வளைகுடாவை ஒட்டி, சுமார் 440 ஏக்கர் பரப்பில் இரண்டு குட்டைகள் உள்ளன. கரைமேல் நடைப்பயிற்சி செய்வோர் அவற்றை இயற்கை நீர்நிலை என்றே எண்ணக்கூடும். அவை நகரின் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களுடைய கழிவுநீரைத் தூய்மையாக்கும் அமைப்பின் ஒரு பகுதியாகும். அங்கு நீர் முதலில் படிவுத் தொட்டிகளில் தெளிய வைக்கப்படுகிறது. படிந்த கசடு மூடிய கலன்களுக்குச் செல்கிறது. அக்கலன்களில் எழும் வாயு மின் உற்பத்திக்குப் பயன்பட்டு வந்துள்ளது. தெளிந்த நீரே குட்டைகளை அடைகிறது. கசடின் பெரும்பகுதி முன்பே நீங்கிவிடுவதால், கழிவு நேராக விழும் குட்டையைக் காட்டிலும் இங்கு மீத்தேனுக்கான மூலப்பொருள் குறைவு.

எனினும் அந்நகரம் குட்டைகளுக்கு மாற்றாக, தொட்டிகளில் காற்றூட்டி நுண்ணுயிர்களை வளர்க்கும் முறையை நோக்கி நகர்ந்துவருகிறது. கட்டமைப்பின் முதுமை அதற்கு ஒரு காரணம். வளைகுடா நீரில் கலக்கும் நைட்ரஜன் மற்றொரு காரணம். 2022-இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் நச்சுப்பாசி பெருகி எண்ணற்ற மீன்கள் மடிந்தன. அதன் பின்னர், 2024 ஜூலையில் வட்டார நீர்த்தர வாரியம், வளைகுடாவில் கலக்கும் கழிவுநீர் வழி நைட்ரஜனைப் பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்குமாறு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஆணையிட்டது. ஆண்டு முழுவதும் ஒரே சீராக நைட்ரஜனை நீக்குவதற்குப் பாசிக்குட்டையை நம்பியிருத்தல் கடினம்.

இம்மாற்றத்திற்கும் விலை உண்டு. காற்றூட்டலுக்கு வேண்டும் மின்சாரம் பொதுவாக அத்தகைய நிலையத்தின் மொத்த மின்செலவில் பாதியை எட்டும். மேலும், நைட்ரஜனை நீக்கும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயு தோன்றக்கூடும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கவல்லது. எனவே குட்டையை மூடிவிட்டால் வாயுச் சிக்கல் தானே தீர்ந்துவிடும் என்று கொள்ளுதல் பிழையாகும். எவ்வளவு என்பதை அளந்தே அறிதல் வேண்டும்.

சட்டம் அளப்பதும் அளக்காததும்

அளத்தல் என்றதும் சட்டத்தின் நிலை என்ன என்பதைக் காணவேண்டும். 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின்படி, கழிவுநீரை நீர்நிலையில் விடும் ஒவ்வொரு நிலையமும் உரிமம் பெறவேண்டும். வெளியேறும் நீரைச் சோதித்து, முடிவுகளை அறிக்கையாக அளிக்க வேண்டும். அவ்வறிக்கைகள் பொதுமக்கள் காணத்தக்கவை. நீரின் அழுக்கு மாத சராசரியில் லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பொதுவிதி. குட்டைகளின் தன்மை கருதி 1984-இல் அவற்றிற்கு 45 மில்லிகிராம் வரை இடமளிக்கப்பட்டது. ஆக, குழாய்வழி வெளியேறுவது மில்லிகிராம் அளவில் கணக்கிடப்படுகிறது.

காற்றுவழி வெளியேறுவதற்கு அத்தகைய கணக்கு இல்லை. கூட்டாட்சி அரசு வகுத்த பசுங்குடில் வாயு அறிக்கை விதிகள் காகித ஆலை, உணவு ஆலை முதலியவற்றின் தொழிற்கழிவுநீரை உட்படுத்தின. நகராட்சிக் கழிவுநீர் நிலையங்களை உட்படுத்தவில்லை. எனவே ஒரு நகரத்துக் குட்டையின் வாயு பெரும்பாலும் வாய்பாட்டால் மதிப்பிடப்படுகிறது; கருவியால் அளக்கப்படுவது அரிது.

அவ்வாய்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழுவின் வழிகாட்டியின்படி, அமெரிக்காவில் ஒருவர் நாளொன்றுக்குக் கழிவுநீரில் சேர்க்கும் சிதையத்தக்க அழுக்கு, அதனைச் சிதைக்க வேண்டிய ஆக்சிஜனின் அளவில், சராசரியாக 85 கிராம். ஆண்டிற்கு அது 31 கிலோகிராம். ஒவ்வொரு கிலோகிராமிலிருந்தும் மிகுதியாக 0.6 கிலோகிராம் மீத்தேன் உண்டாகலாம். 2 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள, ஆக்சிஜன் அற்ற குட்டையில் அதன் 80 விழுக்காடு வெளிப்படுவதாகவும், ஆழம் குறைந்த பாசிக்குட்டையில் 20 விழுக்காடு வெளிப்படுவதாகவும் கொள்வர். 10,000 பேர் வாழும் ஊரின் கழிவுநீர் முழுவதும் நேராக ஆழ்குட்டையில் விழுந்தால், கரியமில வாயுவின் சமன் அளவில் ஆண்டிற்கு ஏறத்தாழ 4,170 டன் வெளிப்படும். ஆழம் குறைந்த குட்டையாயின் 1,040 டன். ஒரு சராசரிக் கார் ஆண்டிற்கு 4.6 டன் வெளியிடுவதாகக் கொண்டால், முன்னது ஏறத்தாழ 900 கார்களுக்கும் பின்னது 226 கார்களுக்கும் ஈடாகும்.

ஒரே ஊர், ஒரே கழிவு. குட்டையின் வகையை எவ்வாறு குறிக்கிறோம் என்பதனால் மட்டும் விடை நான்கு மடங்கு மாறுகிறது. பல ஆண்டுகள் தூர்வாராத குட்டையில் கசடு மண்டி, நீரின் ஆழம் குறைந்து, அடியில் ஆக்சிஜன் அற்ற பகுதி பெருகும். ஏட்டில் அது பாசிக்குட்டை என்றே இருக்கும். நடைமுறையில் அதன் தன்மை மாறியிருக்கும். வாய்பாடு அதனை அறியாது.

மதிப்பீட்டிற்கும் அளவைக்கும் உள்ள இடைவெளியை நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அவர்கள் அளவைக் கருவிகள் பொருத்திய வாகனத்தை ஓட்டிச் சென்று, நாட்டின் 63 கழிவுநீர் நிலையங்களைச் சுற்றி மீத்தேனை அளந்தனர். 2023-இல் வெளியான அவ்வாய்வின்படி, அத்துறையின் மீத்தேன் வெளிப்பாடு வழக்கமான மதிப்பீட்டைப் போல் 1.9 மடங்கு. அவ்வாய்வு குட்டைகளை மட்டும் பற்றியதன்று. கசடை மூடிய கலன்களில் செரிக்கும் நிலையங்களிலும் கசிவு கணிசமாக இருப்பதை அது காட்டிற்று. மூடியிட்டால் மட்டும் போதாது, மூடி கசியாதவாறு காத்தலும் வேண்டும் என்பது அதன் பாடம்.

செய்யத்தக்கவை

குட்டை வைத்துள்ள ஊர்கள் அனைத்தும் அதனைக் கைவிட வேண்டும் என்பதில்லை. உரிய காலத்தில் தூர்வாருதல் முதற்படி. கழிவு முதலில் விழும் குட்டையை நெகிழ்விரிப்பால் மூடி வாயுவைச் சேகரித்தல் அடுத்தபடி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்குரிய வெரிபி நிலையத்தில் பெருங்குட்டைகள் இவ்வாறு மூடப்பட்டு, சேரும் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கப்படுகிறது. அத்தகைய வசதி இல்லாத சிற்றூரில் சேகரித்த வாயுவை எரித்துவிடுதலும் பயன் தரும். ஒரு கிலோகிராம் மீத்தேன் எரிந்தால் 2.75 கிலோகிராம் கரியமில வாயுவே உண்டாகும். எரியாமல் விட்டால் அதன் தாக்கம் 28 கிலோகிராமுக்கு ஈடு.

வீடுகளின் பங்கும் உண்டு. ஊரில் அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்த் தொட்டியில் சேர்ந்து மாட்டிற்கு உணவாயின. இங்கு அவை குழாய்க்குள் செல்கின்றன; அதனைத் தவிர்த்தல் எளிதன்று. தவிர்க்கத்தக்கவை வேறு உள்ளன. பண்டிகைப் பலகாரம் சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றலாகாது. ஆறிய எண்ணெயைப் புட்டியில் சேர்த்து, நகராட்சி குறிப்பிடும் சேகரிப்பு இடத்தில் அளிக்கலாம். மிஞ்சிய உணவைத் தொட்டியடி அரவை எந்திரத்தில் இடுவதற்கு மாறாக, கரிமக் கழிவுக்குரிய தொட்டியில் இடலாம். கலிபோர்னியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, 2022 முதல் இத்தொட்டிகள் பரவலாக நடைமுறைக்கு வந்துள்ளன.

கேட்கத்தக்க கேள்விகள்

கழிவுநீர்த் திட்டம் பற்றிய முடிவு நகர மன்றத்தில் எடுக்கப்படுகிறது. அம்மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. கலிபோர்னியாவில் 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்திற்கு முன்பே வெளியிடப்பட வேண்டும். பொதுமக்கள் பேச வாய்ப்பும் தரப்பட வேண்டும். டெக்சாஸில் 1967 முதலும், நியூ ஜெர்சியில் 1975 முதலும் இவ்வகைத் திறந்த கூட்டச் சட்டங்கள் உள்ளன. மேலும் கலிபோர்னியாவில் கழிவுநீர்க் கட்டணத்தை உயர்த்துமுன், 1996-இல் வாக்காளர் ஏற்ற 218-ஆம் முன்மொழிவின்படி, விசாரணைக்கு 45 நாட்கள் முன்னதாக அஞ்சலில் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். பெரும்பான்மையோர் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தால் அவ்வுயர்வை விதிக்க இயலாது. அந்த ஆங்கில அறிவிப்பு விளம்பரத் தாள்களோடு சேர்ந்து பல வீடுகளில் படிக்கப்படாமலே போய்விடுகிறது. அதனைப் பிரித்துப் படித்தல் வேண்டும். புரியாத இடத்தில் நகராட்சி அலுவலகத்தில் விளக்கம் கேட்கத் தயங்கல் வேண்டா.

கூட்டத்திற்குச் செல்வோர் மூன்று கேள்விகளை எழுப்பலாம். முதலாவது: நகரின் கழிவுநீர் அமைப்பிலிருந்து வெளியேறும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் அளக்கப்பட்டவையா, வாய்பாட்டால் மதிப்பிடப்பட்டவையா? இரண்டாவது: குட்டை இருப்பின், அது கடைசியாக எந்த ஆண்டில் தூர்வாரப்பட்டது, கசடின் ஆழம் இப்பொழுது எவ்வளவு? மூன்றாவது: புதிய முறைக்கு மாறுவதாயின், மாற்றத்திற்கு முன்னும் பின்னும் வாயுவை அளப்பதற்கு அத்திட்டத்தில் தொகை ஒதுக்கப்பட்டுள்ளதா?

இவை பொறியாளர் மட்டுமே கேட்கத்தக்க கேள்விகள் அல்ல. கட்டணம் செலுத்தும் எவரும் கேட்கலாம். விடை பதிவேட்டில் ஏறும். தமிழில் உதவி வேண்டுவோர், கூட்ட நாளுக்குச் சில நாட்கள் முன்னதாகவே சிட்டி கிளார்க் அலுவலகத்திற்குத் தெரிவித்தால் ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும்.